அலுவலகத்துக்கு உள் நெட்வொர்க் அமைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இருபது பேர் முதல் இருநூறு பேர் வரை வேலை செய்யும் ஓர் அலுவலகத்துக்குப் புதிதாக நெட்வொர்க் போடும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதியது இது. நீங்கள் நெட்வொர்க் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. வேலை எடுப்பவரிடம் என்ன கேட்க வேண்டும், அவர் சொல்வதில் எதை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது என்று தெரிந்தால் போதும்.

முதலில் எதை வாங்க வேண்டும்?

எதையும் வாங்க வேண்டாம். அலுவலகத்தின் தரைப்படத்தை ஒரு பெரிய தாளில் அச்செடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

நெட்வொர்க்கில் சில விஷயங்களைப் பிறகு மாற்றுவது சுலபம், சில விஷயங்களை மாற்றவே முடியாது. சுவிட்ச் (நெட்வொர்க் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பெட்டி) சரியில்லை என்றால் ஒரு சாயங்காலத்தில் கழற்றி வேறு மாட்டலாம். இன்டர்நெட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே காவல் நிற்கும் ஃபயர்வாலும் அப்படித்தான். ஆனால் சுவருக்குள் போன கேபிள், எல்லாச் சாதனங்களிலும் பதிந்துபோன ஐபி எண் (நெட்வொர்க்கில் ஒரு சாதனத்தின் முகவரி) வரிசை, உள் டொமைனுக்கு வைத்த பெயர் ஆகிய மூன்றும் பத்துப் பதினைந்து வருடம் உங்களோடேயே இருக்கும். நடைமுறையில் நடப்பது தலைகீழ். எந்த பிராண்ட் சுவிட்ச் என்று மூன்று கூட்டம் போடுவார்கள்; கேபிள் விஷயத்தில் "நல்லதா பார்த்துப் போட்டுருங்க" என்று ஒரே வரி. அந்த வரிசையைத் திருப்பிப் போடுவதுதான் திட்டமிடலில் பாதி வேலை.

தரைப்படத்தில் என்னென்ன குறிக்க வேண்டும்?

யார் எங்கே உட்காருவார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். பிறகு ஆட்கள் உட்காராத இடங்களைப் பாருங்கள், ஏனென்றால் விட்டுப்போவது அங்கேதான்: பிரின்டர், கேமரா, வருகைப்பதிவுக் கருவி, கூட்ட அறையின் திரை, வரவேற்பறைத் தொலைபேசி, கூரையில் மாட்டும் வைஃபை ஆக்சஸ் பாயின்ட், கதவுப் பூட்டு, யுபிஎஸ்ஸின் நெட்வொர்க் போர்ட். இவை எல்லாவற்றுக்கும் கேபிள் வேண்டும். பட்டியலைப் போட்டு முடித்தால், மேசைகளை விட இந்த வகைப் பாயின்டுகள் (கேபிள் வந்து முடியும் இடங்கள்) அதிகமாக இருப்பதைப் பல அலுவலகங்களில் பார்க்கலாம்.

மேசை ஒன்றுக்கு இரண்டு பாயின்ட் போடுங்கள். இன்று ஒன்றே போதும் என்றாலும் இரண்டாவது கேபிளை அதே குழாயில் அதே நாளில் இழுப்பதற்குக் கூடுதல் கூலி கொஞ்சம்தான். ஆறு மாதம் கழித்து அதற்காகவே ஆளை வரவழைத்தால் கூரைப் பலகை கழற்ற வேண்டும், வேலை நிற்கும். பாயின்ட் போதாத மேசைக்கடியில் யாராவது ஒரு சின்ன ஐந்து போர்ட் சுவிட்சைச் சொருகுவார்கள். பின்னால் வரும் லூப் (கேபிள் வளையமாகச் சுற்றித் திரும்புவது) தொல்லைகளில் பாதி அங்கிருந்துதான் முளைக்கும்.

எந்த கேபிள்? கேட் 5இ போதுமா, கேட் 6 வேண்டுமா, கேட் 6ஏ அளவுக்குப் போக வேண்டுமா?

கேட் என்பது கேபிளின் தர வகை (கேட்டகரி). புதிதாக இழுப்பதாக இருந்தால் மேசைகளுக்கு கேட் 6, ஆக்சஸ் பாயின்டுகளுக்கு கேட் 6ஏ. இதுதான் என் பதில், காரணங்கள் இவை.

செம்புக் கேபிளில் ஈதர்நெட்டுக்கு (கம்பிவழி நெட்வொர்க் முறை) 100 மீட்டர்தான் எல்லை. அதிலும் சுவருக்குள் நிலையாகப் போவது 90 மீட்டருக்குள் இருக்க வேண்டும். மீதி 10 மீட்டர் இரண்டு முனையிலும் மாட்டும் குட்டைக் கேபிள்களான பேட்ச் கார்டுகளுக்கு. கேட் 5இ அந்த முழு நீளத்துக்கும் 1 ஜிகாபிட் தாங்கும். கேட் 6 நல்ல சூழலில் 55 மீட்டர் வரை 10 ஜிகாபிட் தரும். கேட் 6ஏ 100 மீட்டருக்கும் 10 ஜிகாபிட் தரும், ஆனால் தடிமன் அதிகம், வளைக்கச் சிரமம், குழாயில் குறைவாகத்தான் போகும்.

ஏற்கெனவே கட்டடத்தில் கேட் 5இ இருந்தால் அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம். 2016-இல் வந்த 802.3பிஇசட் தரநிலைப்படி அதே பழைய கேபிளில் 2.5 ஜிகாபிட் போகும். பெரும்பாலான மேசைகளுக்கு அதுவே மிகை.

எந்த வகையாக இருந்தாலும் ஒன்றை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: முழுச் செம்பு. சந்தையில் அலுமினியக் கம்பிக்கு மேலே மெல்லியதாகச் செம்பு பூசிய கேபிள் ஏராளமாகக் கிடைக்கிறது. பெட்டியில் கேட் 6 என்றுதான் அச்சிட்டிருக்கும். கேட் 6 தரநிலை செம்பைத்தான் கேட்கிறது. அலுமினியம் அதில் தேறாது. மின்தடை அதிகம் என்பதால் கேபிள் வழியே மின்சாரம் அனுப்பும்போது சூடாகும், வளைத்தால் முறியும். பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலே எடை காட்டிக்கொடுக்கும். நுனியைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கேபிள் போட்டவர் "எல்லா பாயின்டிலும் லைட் எரியுது, வேலை முடிஞ்சுது" என்கிறார். ஏற்றுக்கொள்ளலாமா?

வேண்டாம். சோதனை அறிக்கை கேளுங்கள்.

லைட் எரிவது இரண்டு முனைகளும் ஒன்றையொன்று பார்த்துவிட்டன என்பதை மட்டும் சொல்லும். கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கின்றன. 1 ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். ஆகவே எட்டுக் கம்பிகளில் ஒன்று சரியாகக் கடிபடாமல் போனாலும் பல சமயம் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிக்கொண்டு, எதுவுமே நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கும். "என் கம்ப்யூட்டர் மட்டும் ஸ்லோ" என்று ஒருவர் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பார், கம்ப்யூட்டரைக்கூட மாற்றியிருப்பார்கள், குற்றவாளி சுவர் சாக்கெட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்.

அந்தச் சாக்கெட்டின் மூடியைக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் கண்ணுக்கே தெரியும். ஜோடிகளை 13 மில்லிமீட்டருக்கு மேல் முறுக்குப் பிரிக்கக் கூடாது. அங்கே விரல் நீளத்துக்குப் பிரித்து விட்டிருப்பார்கள்.  அல்லது கேபிள் கட்டும் பிளாஸ்டிக் பட்டையை இறுக்கி, உறை நசுங்கியிருக்கும்.

ஒவ்வொரு பாயின்டுக்கும் நீளம், ஜோடி வரிசை, குறுக்கிரைச்சல் (ஒரு ஜோடியிலிருந்து மற்றதற்குக் கசியும் சிக்னல்) ஆகியவற்றை அளந்து காட்டும் சான்றுச் சோதனைக் கருவி இருக்கிறது. அது விலையுயர்ந்தது என்பதால் சின்ன ஒப்பந்தக்காரர்கள் வாடகைக்கு எடுப்பார்கள். அந்தச் செலவை முதலிலேயே ஒப்பந்தத்தில் சேர்த்து, அறிக்கை கைக்கு வந்த பிறகே கடைசித் தவணை என்று எழுதிவிடுங்கள். மின் கேபிளும் நெட்வொர்க் கேபிளும் ஒரே குழாயில் போகக் கூடாது என்பதையும் அதே பத்தியில் சேர்த்துவிடுங்கள்.

ரேக் எங்கே வைக்க வேண்டும்?

சுவிட்ச் போன்றவற்றை அடுக்கி வைக்கும் சட்டம்தான் ரேக். எல்லா மேசைகளுக்கும் 90 மீட்டருக்குள் எட்டும் நடுவான இடத்தில், பூட்டக்கூடிய அறையில், குளியலறைக்கோ தண்ணீர்க் குழாய்க்கோ கீழே இல்லாமல். குளிர்சாதனம் இரவிலும் ஓட வேண்டும். ஆட்கள் வீட்டுக்குப் போனதும் கட்டடத்தின் குளிரூட்டல் நின்றுவிடும் என்றால் சுவிட்சுகளுக்குத் தனி ஏற்பாடு தேவை.

ரேக் உயரத்தை யு என்ற அளவில் சொல்வார்கள். ஒரு யு 44.45 மில்லிமீட்டர். தேவை என்று கணக்கில் வருவதைப் போல ஒன்றரை மடங்கு யு உள்ளதாக வாங்குங்கள். சுவர் கேபிளை நேராக சுவிட்சில் சொருகாமல் பேட்ச் பேனலில் (ரேக்கில் மாட்டும் சாக்கெட் வரிசை) முடிக்க வேண்டும். பேனலின் ஒவ்வொரு துளையிலும் சுவர் சாக்கெட்டிலும் ஒரே எண். கையால் எழுதியது இரண்டு கோடையில் மங்கிவிடும், அச்சிட்ட லேபிள் ஒட்டுங்கள்.

சாதாரண சுவிட்ச் போதாதா? மேனேஜ்டு சுவிட்சுக்கு ஏன் கூடுதல் காசு?

பத்து பேருக்கு மேல் இருக்கும் இடத்தில் சாதாரண சுவிட்ச் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மேனேஜ்டு சுவிட்சைப் போல அதன் அமைப்புகளை நாம் மாற்ற முடியாது: விலானாக (தனித்தனி நெட்வொர்க் பிரிவுகளாக) பிரிக்க முடியாது, லூப்பைத் தடுக்க முடியாது, எந்த போர்ட்டில் பிழை எண்ணிக்கை ஏறுகிறது என்று பார்க்க முடியாது. ஏதாவது கோளாறு என்றால் ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பார்ப்பது தவிர வேறு வழியில்லை.

வாங்கும்போது போர்ட் எண்ணிக்கையை எல்லோரும் பார்க்கிறார்கள். பார்க்காமல் விடுவது இரண்டு. ஒன்று, மேலிணைப்பு. 24 போர்ட்டும் 1 ஜிகாபிட்டாக இருந்து, அந்த சுவிட்ச் மைய சுவிட்சோடு இணைவதும் 1 ஜிகாபிட்டாக இருந்தால், நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் பெரிய கோப்புகளை சர்வருக்கு நகலெடுக்கும்போது மற்றவர்கள் உணர்வார்கள். 10 ஜிகாபிட் மேலிணைப்பு உள்ளதாக எடுங்கள்.

இரண்டாவது, பிஓஇ, அதாவது நெட்வொர்க் கேபிள் வழியாகவே கேமராவுக்கும் ஆக்சஸ் பாயின்டுக்கும் மின்சாரம் தருவது. போர்ட் ஒன்றுக்கு 802.3ஏஎஃப் வகை 15.4 வாட் வரை தரும், 802.3ஏடி 30 வாட் வரை, 2018-இல் வந்த 802.3பிடி 90 வாட் வரை. ஆனால் சுவிட்சுக்கு மொத்த மின்கொள்ளளவு என்று தனியாக ஓர் எண் உண்டு. ஏமாற்றம் அங்கேதான் வரும். 24 போர்ட்டிலும் பிஓஇ என்று போட்ட ஒரு சுவிட்சின் மொத்தம் 190 வாட் என்று வையுங்கள். 7 வாட் கேமரா பன்னிரண்டு என்றால் 84 வாட். 20 வாட் ஆக்சஸ் பாயின்ட் ஐந்து என்றால் 100 வாட். 184 ஆகிவிட்டது, இன்னும் ஏழு போர்ட் காலியாக இருக்கிறது, ஆனால் மீதம் 6 வாட்தான். அதில் இரண்டு தொலைபேசியைச் சொருகினால் ஏதோ ஒன்று அணையும். பகலில் சரியாக ஓடி, கேமராக்கள் இருட்டில் அகச்சிவப்பு விளக்கைப் போடும் நேரத்தில் மட்டும் அணைவதும் உண்டு. அதனால் விவரத்தாளில் உள்ள உச்ச வாட்டை எடுத்துக் கூட்டுங்கள்.

பக்கத்துக் கட்டடத்துக்கும் இணைப்பு வேண்டும். கேபிளை வெளியே இழுக்கலாமா?

60 மீட்டர்தான் என்றாலும் செம்பு வேண்டாம், ஃபைபர் (ஒளி போகும் கண்ணாடி இழை) போடுங்கள். இரண்டு கட்டடங்களின் எர்த் ஒரே மட்டத்தில் இருக்காது. அந்த வித்தியாசம் செம்புக் கேபிள் வழியாக ஓடப் பார்க்கும். அருகே மின்னல் இறங்கினால் இரண்டு பக்கத்துச் சாதனங்களும் போகும். ஃபைபரில் மின்சாரம் பாயாது. புதிதாகப் போடுவதால் ஒற்றைப்பாங்கு (சிங்கிள் மோட்) ஃபைபரே எடுங்கள், நான்கு இழை தேவை என்றால் பன்னிரண்டு இழை கேபிள் போடுங்கள். இழை மலிவு, மண் தோண்டுவதுதான் செலவு.

ஐபி முகவரிகளை எப்படிப் பிரிப்பது? 192.168.1 என்று தொடங்கினால் என்ன?

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள், ஏனென்றால் இது இரண்டாவது மாற்ற முடியாத விஷயம்.

உள் நெட்வொர்க்குகளுக்கென்று ஒதுக்கிய மூன்று வரிசைகள் 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணைய நெறி ஆவணத்தில் இருக்கின்றன: 10-இல் தொடங்கும் முழு வரிசை, 172.16 முதல் 172.31 வரை, 192.168 வரிசை. எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் வீட்டு ரௌட்டர்களில் பெரும்பாலானவை 192.168.0 அல்லது 192.168.1 என்ற வரிசையோடுதான் கடையிலிருந்து வருகின்றன. உங்கள் அலுவலக சர்வர் 192.168.1.10 என்று வையுங்கள். ஊழியர் வீட்டிலிருந்து விபிஎன் (இன்டர்நெட் வழியே அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழையும் பாதுகாப்பான வழி) போடுகிறார். அவருடைய லேப்டாப் அந்த முகவரியைத் தேடும்போது, அது தன் வீட்டு நெட்வொர்க்கிலேயே இருப்பதாக நினைத்து அங்கேயே தேடும். விபிஎன் இணைந்துவிட்டது என்று காட்டும், சர்வர் மட்டும் திறக்காது. வேறொருவர் வீட்டில் நன்றாக வேலை செய்யும். இந்தக் கோளாறைப் புரிந்துகொள்ளவே ஒரு வாரம் போகும்.

அதனால் யாரும் சாதாரணமாக எடுக்காத ஓர் எண்ணில் தொடங்குங்கள். 10.47 என்று எடுத்தால், இரண்டாவது கிளைக்கு 10.48, மூன்றாவதுக்கு 10.49. மூன்றாவது எண்ணை விலான் எண்ணோடு பொருத்துங்கள்: விலான் 10 என்றால் 10.47.10, கேமராக்களுக்கு விலான் 30 என்றால் 10.47.30. பதிவேட்டில் 10.48.30.17 என்று ஒரு முகவரியைப் பார்த்ததும் "இரண்டாவது கிளை, கேமரா" என்று வாயில் வந்துவிடும்.

ஒவ்வொரு பிரிவுக்கும் /24 கொடுங்கள், அதாவது 254 சாதனங்கள். பதினைந்து கேமராவுக்கு 254 இடமா என்று கணக்குப் பார்க்காதீர்கள். 10 வரிசையில் ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேல் முகவரிகள் இருக்கின்றன. இங்கே சிக்கனம் பிடித்து யாருக்கும் எந்த லாபமும் இல்லை.

விலான் பிரிப்பது சின்ன அலுவலகத்துக்கும் தேவையா?

தேவை. ஒரே சுவிட்சைப் பல தனித்தனி சுவிட்சுகள் போல நடக்கச் செய்வதுதான் விலான். பிரிக்காவிட்டால் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளியின் தொலைபேசியும் கணக்குப் பிரிவின் சர்வரும் ஒரே தளத்தில் நிற்கும்.

2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளிலிருந்து சுமார் 4 கோடி அட்டை விவரங்கள் திருடப்பட்டன. திருடர்கள் நுழைந்தது குளிரூட்டல் வேலை பார்த்த ஒரு வெளி ஒப்பந்தக்காரரின் கடவுச்சொல்லை வைத்து. அந்த வாசலிலிருந்து கல்லாப்பெட்டி இயந்திரங்கள் வரை அவர்களால் நடந்து போக முடிந்தது. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை பரவியபோதும் இதே கதை. அது 445 என்ற எண்ணுள்ள மென்பொருள் வாசல் (இதையும் போர்ட் என்பார்கள்) வழியாகப் பக்கத்துக் கணினியைத் தேடிப் போகும் வகை. தடுக்கும் மென்பொருள் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அந்தத் திருத்தத்தைப் போடாத கணினிகள் இருந்த, எல்லாத் திசையிலும் திறந்திருந்த நெட்வொர்க்குகளில் அது காட்டுத்தீயாகப் போனது.

தொடக்கத்துக்கு ஐந்து பிரிவு போதும்: ஊழியர் கணினிகள், சர்வர்கள், கேமராவும் பிற கருவிகளும், விருந்தினர் வைஃபை, சுவிட்ச்-ஃபயர்வால் போன்றவற்றின் நிர்வாகப் பக்கம். தொலைபேசிகள் நிறைய இருந்தால் ஆறாவது. எண்கள் 4094 வரை இருக்கின்றன என்பதற்காகத் துறைக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று என்று இருபது பிரிவு போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அவற்றுக்கு இடையேயான விதிகளைப் பராமரிக்க முடியாமல் கடைசியில் "எல்லோரும் எல்லா இடத்துக்கும் போகலாம்" என்று ஒரே விதியைப் போட்டுவிடுவார்கள். அப்படியானால் பிரித்ததே வீண்.

பயன் விதியில்தான் இருக்கிறது. கேமராக்கள் பதிவுக் கருவியோடு மட்டும் பேசலாம், இன்டர்நெட்டுக்குப் போகக் கூடாது. விருந்தினர் இன்டர்நெட்டுக்கு மட்டும். ஊழியர் கணினிகள் சர்வரில் தேவையான சேவைகளுக்கு மட்டும். நிர்வாகப் பக்கத்துக்கு ஓரிரு கணினிகளிலிருந்து மட்டும் அனுமதி. மற்றதெல்லாம் மறுப்பு.

பிரின்டருக்கும் சர்வருக்கும் நிலையான முகவரியைக் கையால் போடலாமா?

சர்வர்களுக்கும் நெட்வொர்க் சாதனங்களுக்கும் போடலாம். பிரின்டர், கேமரா போன்றவற்றுக்கு, ஐபி முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி சர்வரிலேயே முன்பதிவு செய்துவிடுங்கள்: இந்த மேக் முகவரிக்கு (சாதனத்தோடு கூடவே வரும் அடையாள எண்) எப்போதும் இந்த ஐபி என்று. நாளைக்கு வரிசை மாறினாலும் ஓர் இடத்தில் மாற்றினால் போதும், ஏணி போட்டுக் கூரைக் கேமராவுக்கு ஏற வேண்டியதில்லை.

ஒரு முகவரி ஒரு சாதனத்திடம் எவ்வளவு நேரம் இருக்கும் என்ற குத்தகை நேரத்தையும் பாருங்கள். ஊழியர் பிரிவில் ஒரு நாள் இருக்கலாம். விருந்தினர் பிரிவில் இரண்டு மணி நேரம். அங்கேயும் ஒரு நாள் வைத்தால், காலையில் வந்து போன தொலைபேசிகள் முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்க, மாலைக் கூட்டத்துக்கு வருபவர்களுக்குக் கிடைக்காது.

ஒரு கணினியில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால் டிஎச்சிபியிடமிருந்து பதில் வரவில்லை என்று பொருள். சரியான வரிசை இல்லாமல் 192.168.0 என்று வந்தால் யாரோ வீட்டு ரௌட்டரைக் கொண்டுவந்து சொருகியிருக்கிறார்கள். சுவிட்சில் டிஎச்சிபி ஸ்னூப்பிங்கைப் போட்டுவைத்தால் அந்த ரௌட்டரின் பேச்சு மற்றவர்களை எட்டாது.

டிஎன்எஸ்ஸில் இரண்டாவது முகவரியாக 8.8.8.8 போட்டுவைப்பது பாதுகாப்புதானே?

பெயரைக் கொடுத்தால் ஐபி முகவரியைச் சொல்லும் சேவைதான் டிஎன்எஸ்; 8.8.8.8 கூகுளின் பொது டிஎன்எஸ். உள் டிஎன்எஸ் சர்வர் வைத்திருக்கும் அலுவலகத்தில் அது வம்பு. முதல் சர்வர் ஒரு கணம் தாமதித்தால் கணினி இரண்டாவதிடம் கேட்கும். உங்கள் உள் சர்வரின் பெயர் கூகுளுக்குத் தெரியாது; "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று பதில் வரும். கணினி அதை நம்பிவிடும். எப்போதாவது மட்டும் லாகின் ஆகாது, எப்போதாவது மட்டும் பகிர்வுக் கோப்புறை திறக்காது. இரண்டாவது முகவரி வேண்டும் என்றால் இரண்டாவது உள் சர்வர் வையுங்கள். வெளிப் பெயர்களை அந்த இரண்டும் வெளியே கேட்டுக்கொள்ளட்டும்.

உள் டொமைனுக்குப் பெயர் வைப்பது மூன்றாவது மாற்ற முடியாத விஷயம். நிறுவனத்துக்குச் சொந்தமாக இன்டர்நெட் டொமைன் இருந்தால் அதன் கீழே ஒரு துணைப்பெயரை எடுத்துக்கொள்வதே சிறந்தது. .லோக்கல் என்று முடிப்பதைத் தவிருங்கள். அது சாதனங்கள் தாங்களே ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் எம்டிஎன்எஸ் முறைக்கு ஒதுக்கப்பட்டது, மோதும்.

திடீரென்று ஒரு நாள் மொத்த நெட்வொர்க்கும் நின்றுவிட்டது. சுவிட்சை அணைத்துப் போட்டாலும் மறுபடி நிற்கிறது. என்ன காரணம்?

முதலில் சந்தேகப்பட வேண்டியது லூப். யாரோ மேசையைத் துடைத்தபோது தொங்கிக்கொண்டிருந்த கேபிளின் மறுமுனையையும் அதே சின்ன சுவிட்சில் சொருகியிருப்பார். ஐபி பொட்டலத்துக்கு ஆயுள் எண் உண்டு, சில தாவல்களுக்குப் பிறகு செத்துவிடும். அந்தப் பொட்டலத்தைச் சுமந்து கேபிளில் போகும் ஈதர்நெட் சட்டகத்துக்கு அது கிடையாது. எல்லோருக்கும் அனுப்பும் ஒரு சட்டகம் வளையத்தில் மாட்டினால் சுற்றிக்கொண்டே பெருகும். சில நொடிகளில் எல்லா போர்ட் விளக்குகளும் ஒரே தாளத்தில் சிமிட்டத் தொடங்கும். அந்த ஒரே தாளச் சிமிட்டல்தான் அடையாளம்.

எல்லா மேனேஜ்டு சுவிட்சுகளிலும், வளையத்தைக் கண்டு ஒரு வழியை மூடிவிடும் விரைவு ஸ்பேனிங் ட்ரீயை இயக்குங்கள். மைய சுவிட்சுக்கே முதன்மை கிடைக்கும்படி முன்னுரிமை எண்ணைக் குறைத்துப் போடுங்கள். மேசைப் பக்க போர்ட்டுகளில் பிபிடியு கார்டு (அங்கே ஸ்பேனிங் ட்ரீ பேசும் வேறு சுவிட்ச் தென்பட்டால் போர்ட்டை மூடுவது), லூப் கண்டறிதல் இரண்டையும் போட்டால், வளையம் உருவானதும் அந்த ஒரு போர்ட் மட்டும் மூடிக்கொள்ளும். மற்றவர்களுக்குத் தெரியக்கூட வராது.

வைஃபைக்கு எத்தனை ஆக்சஸ் பாயின்ட் வேண்டும்?

சதுர அடியை வைத்துக் கணக்கிடாதீர்கள், ஆட்களை வைத்துக் கணக்கிடுங்கள். வைஃபையில் ஒரே அலைவரிசையில் உள்ள எல்லோரும் ஒருவர் பேசி முடித்த பிறகே அடுத்தவர் பேச முடியும். விளம்பரத்தில் போடும் ஜிகாபிட் எண் அந்த மொத்தத்தைப் பற்றியது. முழுநேரமும் வேலை செய்யும் இருபத்தைந்து முப்பது பேருக்கு ஓர் ஆக்சஸ் பாயின்ட் என்று தொடங்கி, கூட்ட அறைகளைத் தனியாகக் கணக்கில் எடுங்கள்.

சிக்னல் குறைவாக இருக்கிறது என்று சக்தியைக் கூட்டுவது வழக்கமான முதல் தவறு. ஆக்சஸ் பாயின்ட் கத்தினால் தொலைபேசிக்குக் கேட்கும். தொலைபேசியின் மெல்லிய குரல் திரும்பக் கேட்காது. ஐந்து கோடும் காட்டும், பக்கம் திறக்காது. மேலும், எட்டத்தில் இருக்கும் பாயின்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உள்ளதற்கு மாறவே மாறாது. சக்தியை மிதமாக வைத்து எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டும். பெரிய அலுவலகத்தில் எல்லாப் பாயின்டிலும் அதைத் திறந்துவைக்க வேண்டியதில்லை. பழைய கருவிகளுக்காக மூன்றில் ஒன்றில் இருந்தால் போதும். வேலை 5 கிகாஹெர்ட்ஸில் நடக்கட்டும். அங்கேயும் சேனல் அகலத்தை 80-க்கு ஏற்றாமல் 40 அல்லது 20 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் அண்டைப் பாயின்டுகளின் இடைஞ்சல் குறையும். வைஃபை பெயர்களை மூன்றோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு பெயரும் நொடிக்கு ஏறக்குறைய பத்து முறை "நான் இங்கே இருக்கிறேன்" என்று மெதுவான வேகத்தில் அறிவித்துக்கொண்டிருக்கும், அந்த நேரம் வேறு யாருக்கும் கிடைக்காது.

ஊழியர் வைஃபைக்கு எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் வைத்தால், ஒருவர் வேலையை விட்டுப் போகும் ஒவ்வொரு முறையும் அதை மாற்ற வேண்டும். யாரும் மாற்றுவதில்லை. 802.1எக்ஸ் வழியாக அவரவர் கணக்கோடு இணையும் முறை கொஞ்சம் வேலை வாங்கும். ஆனால் கணக்கை மூடினால் வைஃபையும் மூடிவிடும்.

இன்டர்நெட் லைன் இரண்டு வேண்டுமா?

லைன் போனால் வேலை நிற்குமென்றால் வேண்டும். இரண்டும் வேறு நிறுவனங்களிடமிருந்து என்பது மட்டும் போதாது. இரண்டும் கட்டடத்துக்குள் ஒரே குழியில் நுழைந்தால் ஒரு மண்வெட்டி இரண்டையும் வெட்டிவிடும். ஒன்று ஃபைபர், மற்றொன்று கம்பியில்லா வழி என்றால் நிம்மதி. பொருத்திய பிறகு மாதம் ஒருமுறை முதல் லைனைக் கழற்றிப் பாருங்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்துவிட்டால் போதாதா?

ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் 3389 போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடாதீர்கள். திறந்த சில மணி நேரத்திலேயே கடவுச்சொல்லை ஊகிக்கும் இயந்திரங்கள் வந்து தட்டத் தொடங்கிவிடும். போர்ட் எண்ணை மாற்றினாலும் கண்டுபிடிப்பார்கள். ஃபயர்வாலில் விபிஎன் போட்டு, கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பும் கட்டாயமாக்குங்கள். வெளியிலிருந்து உள்ளே வர வேறு வாசல் இருக்கக் கூடாது. மென்பொருள் பராமரிப்பாளர்களுக்கும் இதுவே, தேவைப்படும் நாளில் மட்டும் திறக்கும் தனிக் கணக்கோடு.

ஐபிவி6 இப்போதே வேண்டுமா?

ஐபி முகவரியின் புதிய, நீளமான வடிவம்தான் ஐபிவி6. உள்ளே இன்றைக்கு அவசியமில்லை. ஆனால் விண்டோஸும் தொலைபேசிகளும் அதைத் தாங்களாகவே இயக்கிவைத்திருக்கின்றன. ஃபயர்வால் விதிகளை ஐபிவி4-க்கு மட்டும் எழுதிவிட்டு மற்றதைத் திறந்துவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேக்கப்புக்கும் நெட்வொர்க்குக்கும் என்ன தொடர்பு?

பேக்கப் எங்கே இருக்கிறது என்பது நெட்வொர்க் கேள்வி. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்ற பழைய விதி இன்றும் சரி. அதோடு ஒன்றாவது நெட்வொர்க்கிலிருந்து எட்ட முடியாததாக இருக்க வேண்டும். 2017-இல் நாட்பெட்யா என்ற தீநிரல் தாக்கியபோது மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் டொமைன் கன்ட்ரோலர்கள் (ஊழியர் கணக்குகளைச் சரிபார்க்கும் சர்வர்கள்) ஒன்றுக்கொன்று பிரதியாக இருந்ததால் ஒரே அடியில் அழிந்தன. மிஞ்சியது கானா அலுவலகத்தில் மின்சாரம் போய் அணைந்திருந்த ஒன்றுதான் என்பது பிறகு வெளிவந்தது.

சுவிட்ச், ஃபயர்வால் அமைப்புக் கோப்புகளும் பேக்கப்பில் சேர வேண்டும். இதைத்தான் மறப்பார்கள்.

ஆவணமாக எதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும்?

தரைப்படம் பாயின்ட் எண்களோடு, ஐபி-விலான் பட்டியல், எந்த பேனல் துளை எந்த சுவிட்ச் போர்ட் என்ற அட்டவணை, ஃபயர்வால் விதி ஒவ்வொன்றும் யார் கேட்டு எந்தத் தேதியில் போட்டது என்ற குறிப்பு, இன்டர்நெட் நிறுவனங்களின் வாடிக்கையாளர் எண். எல்லாச் சாதனங்களும் ஒரே என்டிபி (கடிகாரங்களை ஒத்துப்போகச் செய்யும் முறை) நேரத்தைப் பின்பற்றட்டும். இல்லையென்றால் கோளாறு நடந்த அன்று இரண்டு பதிவேடுகளை ஒப்பிட முடியாது. இவற்றின் ஓர் அச்சுப் பிரதி ரேக் அறையில் இருக்கட்டும். நெட்வொர்க் நின்ற நாளில் பகிர்வுக் கோப்புறையில் உள்ள ஆவணத்தைத் திறக்க முடியாது. நிர்வாகக் கடவுச்சொற்கள் மட்டும் உறையிட்டு, வேலை எடுத்தவரிடம் அல்ல, நிறுவனத்திடம்.

பழைய நெட்வொர்க்கிலிருந்து புதியதற்கு எப்படி மாறுவது?

ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். புதிய சுவிட்சுகளையும் ஃபயர்வாலையும் பழையதன் பக்கத்திலேயே ஏற்றி, புதிய ஐபி வரிசையோடு ஓடவிடுங்கள்; இரண்டுக்கும் நடுவே ஒரு வழி போட்டால் பழைய சர்வரைப் புதிய பக்கத்திலிருந்தும் பயன்படுத்தலாம். பிறகு ஒரு சின்னப் பிரிவை மட்டும் மாற்றி ஒரு வாரம் பாருங்கள். பிரின்டர்தான் முதலில் தகராறு செய்யும், ஏனென்றால் பாதிக் கணினிகளில் அதன் பழைய ஐபி நேரடியாகப் பதிந்திருக்கும்.

ஆட்கள் மாறி முடிந்த பிறகு சர்வர்களை நகர்த்துங்கள். அதற்கு இரண்டு நாள் முன்பே டிஎன்எஸ் பதிவுகளின் காலாவதி நேரத்தை ஐந்து நிமிடமாகக் குறைத்துவிட்டால் புதிய முகவரி உடனே பரவும். எத்தனை மணிக்குள் சரிவராவிட்டால் பழையதற்குத் திரும்புவது என்பதை வேலை தொடங்கும் முன்பே முடிவு செய்து எழுதிவைக்கவும். நள்ளிரவு இரண்டு மணிக்கு அந்த முடிவை எடுக்க யாருக்கும் மனம் வராது. பழைய சுவிட்சுகளை ஒரு மாதம் ரேக்கிலேயே மின்சாரத்தோடு விட்டுவையுங்கள். அதில் எந்த போர்ட்டில் இன்னும் விளக்கு எரிகிறது என்று பார்த்தால், பட்டியலில் இல்லாமல் எங்கோ மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் சாதனம் எது என்று தெரியவரும்.